ஒன்றிலேயே நின்றுபோன லூப்பு சார்

திண்டிவனத்தில் உயிரோடு இருக்கும்போதே ஆவியாக நடமாடிய ஒரே மனிதர் லூப்பு சார்தான்.

எண்பதுகளின் கடைசி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டிக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அங்கே பெருக்கித் துடைப்பது என் வேலை. நாலாங்கிளாஸோடு படிப்பு நின்றவன்; நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூச்சம். சார் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து பாடம் நடத்துவார்.

கம்ப்யூட்டர் ஒன்று, படிப்பவர்கள் பன்னிரண்டு பேர், கரன்ட் பாதி நாள்தான். அதனால் சார் மனிதர்களையே புரோகிராம் ஆக்கிவிட்டார். தூசு வராமலிருக்க ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம். அந்த இருட்டில் நம்பர் கொடுத்து விரட்டுவார்.

"ஒண்ணாம் நம்பர் ஜன்னலாண்ட போ! ரெண்டு பீரோவாண்ட! எதுலயும் சேராதவன் கதவாண்ட, நம்மாளு பக்கத்துல!"

எண்ணைப் பார்த்து ஆளுக்கொரு பக்கம் பிரித்தனுப்பும் ஸ்விட்ச் பாடமாம். எதிலும் சேராதவர்கள் வந்து, கதவருகே துடைப்பத்தோடு நிற்கும் என் தோளை ஒட்டி, இமைக்காமல் நிற்பார்கள். எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும்.

ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பு இன்னும் மோசம். தரையில் சாக்பீஸ் வட்டம். ஒன்றில் தொடங்கும் எண்ணைச் சொல்லிக்கொண்டே, அது பத்துக்குக் கீழே இருக்கும்வரை வெறுங்காலோடு சுற்ற வேண்டும். சுற்று முடிந்ததும் போர்டருகே நிற்பவர் "ஒண்ணு கூட்டு" என்பார்; எண் ஏறும். நடுவில் யாராவது தொட்டால் முதலிலிருந்து ஆரம்பம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மண்டிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா, உங்க சாருக்குக் காத்து கருப்பு அடிச்சிருச்சா? ஒரு மணி நேரமா ஒண்ணு, ஒண்ணுன்னு கத்திக்கினு கீறாரு. கல்லாவுல குந்த முடியல!"

மேலே ஓடினேன். கரன்ட் இல்லை. யாரும் வரவில்லை. சார் தனியாக, கண் மூடி, வட்டத்தில் போய்க்கொண்டிருந்தார்.

"ஒண்ணு... ஒண்ணு... ஒண்ணு..."

சட்டை முழுக்க வேர்வை. சர்க்கரை வியாதிக்காரர், வேளைக்குச் சாப்பிடாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். சாப்பாட்டு டப்பா திறக்கப்படவே இல்லை. கையைப் பிடித்தேன். உதறினார்.

"தொட்டுட்டியா? மொதல்லேர்ந்து!" குரல் அவருடையதாகவே இல்லை. கால்கள் பின்னின.

போர்டைப் பார்த்தேன். இங்கிலீஷ் தெரியாது, ஆனால் தினமும் துடைப்பவனுக்கு வரிக் கணக்குத் தெரியும். எப்போதும் அஞ்சு வரி. இன்று நாலு. எண் ஏறவேயில்லை என்றால், எண்ணைக் கூட்டும் வரியைத்தான் மனிதர் எழுத மறந்துவிட்டார்! எழுதாத வரியை நடக்கவும் மாட்டார்.

போர்டருகே போய் நின்றேன். அவர் என்னைக் கடந்தபோது கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"ஒண்ணு கூட்டு சார்!"

காலடி ஒரு கணம் நின்றது.

"ரெண்டு," என்றார்.

"ஒண்ணு கூட்டு சார்!"

"மூணு."

சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். எட்டில் தள்ளாடினார், நான் தொடவில்லை. ஒன்பது. பத்து என்றதும் வட்டத்தை விட்டு வெளியே வந்து, என் மேலேயே சாய்ந்தார்.

டப்பாவைத் திறந்து சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தேன். மென்றபடியே கேட்டார்: "எந்த வரிய வுட்டேன்னு உனக்கு எப்பிடிய்யா தெரிஞ்சிது?"

சோற்றுக் கையாலேயே போர்டின் நாலு வரிகளையும் எண்ணிக் காட்டினேன்.

சாயங்காலம் விழுப்புரம் பஸ்ஸில் நானும் ஏறினேன். அவர் வீட்டு வாசல்வரை கூடவே நடந்தேன். எனக்கு அந்த ஊரில் வேறு வேலை எதுவும் இல்லை.