எதிரணிக்குத் திறந்த கதவு

முறை தெரிந்தவனை எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்று நீண்ட காலம் நம்பியிருந்தேன். (ஐஸ் அதில் சேராது என்று ஒருவரும் சொல்லவில்லை.) யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தபோது எந்தக் கடிதம் எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் சாகும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. ஜெர்மனிக்கு அகதியாக வந்த சில மாதங்களிலேயே அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது, டெர்மின் என்ற சந்திப்பு நேரத்துக்கு எப்போது வரிசையில் நிற்பது, எந்த அலுவலரிடம் சிரிக்கக்கூடாது என்று விடுதியில் இருந்தவர்களுக்கு வகுப்பெடுத்தேன். நான் ஓய்வூதியம் வாங்கும் இந்தக் காலத்திலும் படிவம் நிரப்ப ஆட்கள் என்னிடம்தான் வருகிறார்கள்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு கதவைத் திறந்து மூடும் வேலையைக் கொடுத்தார்கள்.

அது எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலம். தெற்கு ஜெர்மனியில் மலையடிவாரத்துச் சின்ன நகரம். அகதி வழக்கு முடியும்வரை எங்களுக்கு வேலை செய்ய அனுமதியில்லை. ஆனால் நகரசபை சொல்லும் பொதுவேலையைச் செய்யலாம். (வேலை செய்யாதே, ஆனால் வேலை செய். இது விளங்கினால் மிச்ச நிர்வாகமும் விளங்கும்.) எனக்கும் அறைத்தோழர் குணம் அண்ணைக்கும் கிடைத்தது ஐஸ் விளையாட்டரங்கைக் கூட்டும் வேலை.

முதல்நாள் ஐஸ் ஹொக்கிப் பயிற்சியைக் கண்டபோது தும்புத்தடி என் கையிலேயே நின்றுவிட்டது. காலில் கத்தி பூட்டிய ஆட்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். நிற்க நினைத்த இடத்தில் வெண்பொடி பறக்கத் திரும்பினார்கள். கறுப்பு றப்பர் வட்டு சுற்றுத் தடுப்பில் மோதிய சத்தத்துக்கு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். (ஊரில் வெடிச்சத்தத்துக்குப் பழகிய பழக்கம்.)

"தம்பி, இவங்கள் சண்டை பிடிக்கிறாங்களோ, விளையாடுறாங்களோ?"

"விளையாடுறாங்கள் அண்ணை."

"அப்ப சண்டை பிடிச்சா எப்பிடியிருக்கும்?"

அணியில் ஆக இளையவன் மார்க்குஸ். பத்தொன்பது வயது, அந்த வருடம்தான் சம்பளத்துக்கு ஆடத் தொடங்கியிருந்தான். ஐஸில் அவனைப் பார்த்தால் பயம் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டவனாகவே தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் என் குப்பைவாளிக்குள் வாந்தி எடுப்பான். எங்கள் நட்பு அந்த வாளியில்தான் தொடங்கியது.

"இவ்வளவு பயமெண்டால் ஏன் விளையாடுறாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஐஸில இறங்கினாப் பயமில்லை. அங்க நான் தனிய இல்லை. வெளியில வாங்குப் பலகையில இருந்துகொண்டு மற்றவங்கள் அடிவாங்கிறதைப் பாக்கிறதுதான் ஏலாது." (அவன் பேசியது ஜெர்மன். என் ஞாபகத்தில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இருக்கிறது.)

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும், சம்பளம் நின்றுவிடும், மார்க்குஸ் தகப்பனின் இறைச்சிக் கடைக்குத் திரும்பி சொசேஜ் வெட்ட வேண்டும். அன்று வாளியை அவன் இரண்டு தடவை கேட்டான்.

இந்த விளையாட்டில் ஆட்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐந்து பேர் உள்ளே வர, ஐந்து பேர் வெளியே பாய்வார்கள். அவர்கள் உட்காரும் வாங்குக்கு முன்னால் தடுப்பில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்து மூடும் கிழவர் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். சாமான்களுக்குப் பொறுப்பான ஹெர் ஹூபர் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் நின்றேன்.

"கதவு திறக்கத் தெரியுமா?"

படித்த மனிதனிடம் கேட்கிற கேள்வியா? தலையசைத்தேன்.

"எங்களுடைய ஆட்கள் வெள்ளை. வெள்ளை வந்தால் திற, உடனே மூடு. சிவப்புக்குத் திறக்காதே."

இதைவிடத் தெளிவான சுற்றறிக்கையை நான் கச்சேரியில் கண்டதில்லை. விடுதிக்கு ஓடிப்போய் டை கட்டிக்கொண்டு வந்தேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அபாரமாகத் திறந்தேன். திறந்தேன், மூடினேன். அவர்களுடைய மூச்சு என் முகத்தில் ஆவியாக அடித்தது. ஒருவரோடொருவர் ஒரு சொல் பேசவில்லை. ஆனாலும் ஒருவன் விட்ட இடத்தில் மற்றவன் நின்றான், ஒரே உடம்பில் கை மாற்றிக்கொள்வதுபோல. நானும் அந்த உடம்பில் ஒரு சுண்டுவிரல் என்று எனக்குள் ஒரு பெருமை.

கடைசி நிமிடங்கள். ஒரு கோலால் முன்னுக்கு நின்றோம். மார்க்குஸ் வட்டோடு சரியாக என் கதவுக்கு முன்னால் வந்தான். அவனைத் தடுப்போடு சேர்த்து நசுக்குவதற்கு அலுமாரி அளவான சிவப்பு அணித் தலைவர் பறந்து வந்தார். மார்க்குஸ் குனிந்து நழுவிவிட்டான். இப்போது அலுமாரி கண்கள் பிதுங்க, கைகளை நீட்டிக்கொண்டு நேரே என்னை நோக்கி வந்தது.

இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்த அந்த வருடங்களில் எங்கள் ஊரில் ஒருவன் உங்கள் வேலிப் படலையை நோக்கித் தலைதெறிக்க ஓடிவந்தால் ஆரென்று கேட்பதில்லை. முதலில் திறப்பீர்கள். கேள்வியெல்லாம் அவன் உள்ளே வந்த பிறகு. என் கை அந்த முறையை என்னைவிட நன்றாகப் படித்திருந்தது.

திறந்தேன்.

அவர் வந்தார். என்னையும், தண்ணீர்ப் போத்தல்களையும், ஹெர் ஹூபரின் கோப்பிப் பிளாஸ்கையும் வாரிக்கொண்டு வாங்குக்கு அடியில் போய் நின்றார். அடியில் கிடந்த நான், "அடிபட்டிட்டுதோ?" என்று தமிழில் விசாரித்தேன். அவர் சொன்ன ஜெர்மன் எந்த வகுப்பிலும் கற்பிக்கப்படுவதில்லை.

அதற்குள் மறிக்க ஆளில்லாமல் ஓடிய மார்க்குஸ் வட்டை வலைக்குள் போட்டுவிட்டான். அரங்கு அதிர்ந்தது. ஆனால் நடுவர் முன்னரே விசில் ஊதிவிட்டார். கோல் செல்லாது. எங்கள் வாங்குக்கு இரண்டு நிமிடத் தண்டனை: யாராவது ஒருவர் எதிர்ப்பக்கத் தண்டனைப் பெட்டிக்குள் போய் உட்கார வேண்டும்.

முறை தெரிந்தவன் அல்லவா? கையை உயர்த்தினேன். "நான் போறன்."

நடுவர் என் டையைப் பார்த்தார். கோப்பி சொட்டிக்கொண்டிருந்தது. விளையாட்டுக்காரர்தான் போகலாமாம்.

பயிற்சியாளர் ஆளைத் தெரிவுசெய்வதற்குள் மார்க்குஸ் திரும்பிப் பெட்டிக்குள் போய்விட்டான். யாருடைய கோலை நான் விழுங்கினேனோ, அவன். கச்சேரியில் ஒருவர் பிழைக்கு மற்றவர் கையெழுத்து வைத்து நான் கண்டதில்லை. தன் பிழைக்கே வைக்கமாட்டார்கள்.

நான்கு பேர் ஐந்து பேரை மறித்தார்கள். ஒருவன் பாய்ந்து வந்த வட்டுக்கு முன்னால் நெஞ்சைக் கொடுத்து விழுந்தான், எழும்பினான், மறுபடியும் விழுந்தான். எதிரே மார்க்குஸ் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான், தன்னால் ஏலாத அந்த ஒன்றைச் செய்துகொண்டு. "கதவு!" என்று பயிற்சியாளர் கத்தினார். என்னைத் துரத்தவில்லை, துரத்த நேரமில்லை. திறந்தேன், மூடினேன். ஒரு வட்டு கம்பத்தில் பட்டு 'டங்' என்றது.

தப்பினோம். அந்த ஒரு கோலால் வென்றோம்.

உடைமாற்றும் அறை வாசலில் மார்க்குஸைப் பிடித்தேன். "ஏன் நீ போனாய்?"

"என்ரை கோலைத் திண்டுபோட்டு கேள்வி வேறயோ?" என்று சிரித்தான். பிறகு, "எங்கட வாங்கு, எங்கட கதவு. அப்ப பிழையும் எங்கடதானே?" என்றான்.

அந்த நாட்டில் என்னை 'எங்கட' என்பதற்குள் சேர்த்த முதல் ஆள் அவன்தான். அகதி அலுவலகம் அதே முடிவுக்கு வருவதற்குப் பல வருடங்களும் இரண்டு மேன்முறையீடுகளும் தேவைப்பட்டன.

பார்வையாளர் படியில் இருந்து எல்லாவற்றையும் கண்ட குணம் அண்ணை என்னோடு விடுதிக்கு நடந்து வந்தார். வாசலில் வைத்துக் கேட்டார்: "தம்பி, நீர் படிச்சனீர் எண்டெல்லே நான் நினைச்சன்?"

பின்னர் என் மனைவி ஊரிலிருந்து வந்திறங்கிய அன்றே, பயணப்பெட்டியைத் திறப்பதற்கு முன்னமே, அண்ணை அவளுக்கு முழுக்கதையையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். அவளிடமிருந்து பிள்ளைகளுக்கு, இப்போது பேரப்பிள்ளைகளுக்கு. எங்கள் வீட்டு அழைப்புமணி அடித்தால் குசினி அடுப்படியிலிருந்து இன்றைக்கும் அவள் குரல் வரும்:

"இஞ்சேருங்கோ, வெள்ளையோ, சிவப்போ?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் நான் திறந்துவிட்டிருப்பேன்.