ஸ்னோ துரையின் சவல்

கல்யாணம் முடித்துப் பெண் வீட்டோடு போய் இருக்கும் மாப்பிள்ளைக்கு உட்காரவும் இடமில்லை, நிற்கவும் இடமில்லை. உட்கார்ந்தால் சோம்பேறி என்பார்கள். நின்றால் போகிற வருகிறவர்களுக்கு இடைஞ்சல். ஆகவே அவன் நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பான். நானும் நடந்தேன். அந்த நடை என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களா ரோடு.

என் மாமனாருக்குப் பதுளைக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை. அப்போது ரயில் பண்டாரவளையோடு சரி. அங்கிருந்து சாமானெல்லாம் மாட்டுவண்டியில் வரும். மாமா ஒரு சொல்லுக்கு அரைச் சொல் பேசுகிற மனிதர். கடையில் எனக்கென்று ஒரு வேலையும் தரவில்லை. நானாகவே ஆணிகளை அளவு பார்த்துப் பிரித்து வைத்தேன். மறுநாள் அதைக் கலைத்து வேறு மாதிரிப் பிரித்தேன். பூட்டுகளைத் திறந்து பூட்டிப் பார்த்தேன். "மருமகன், கொஞ்ச நேரம் இருங்களேன்" என்பார் மாமா. (அவர் கெஞ்சுகிறார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.) வீட்டில் என் மனைவி ரஹ்மாவோ புதுப்பெண். "சோறு வைக்கவா", "போதுமா" என்ற இரண்டைத் தவிர என்னிடம் அவள் வேறு எதுவும் பேசியதில்லை. ஏதாவது பெரிதாகச் செய்து காட்டாவிட்டால் இந்த வீட்டில் கடைசிவரை நான் சாப்பிட வந்த ஆள்தான் என்று எனக்கு ஒரே தவிப்பு.

அந்த நேரம் பார்த்து, நாங்கள் கேட்காத ஒரு பெட்டி வண்டியில் வந்து இறங்கியது. திறந்தால் உள்ளே பத்துப் பன்னிரண்டு சவல்கள். மண் அள்ளுகிற சவல்தான், ஆனால் நாங்கள் கண்டிராத சவல். கைப்பிடி என் நெஞ்சு உயரம். அலகு இரும்பில்லை, மரம். முறம் போல அகலம். நுனியில் மட்டும் மெல்லிய தகடு. ஒவ்வொரு கைப்பிடியிலும் இங்கிலீஷில் 'ஸ்னோ' என்று பெரிதாகப் பொறித்து, கீழே சின்ன எழுத்தில் முதுகுக்கு நோவு தராது என்ற கருத்தில் ஏதோ எழுதியிருந்தது.

நான் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கொஞ்சக் காலம் இங்கிலீஷ் படித்தவன். முதுகு தெரியும், நோவு தெரியும். 'ஸ்னோ' மட்டும் தெரியாது. அதனால் அது இந்தச் சவலைச் செய்த துரையின் பெயர் என்று முடிவுகட்டினேன். மில்லர் துரை, வாக்கர் துரை என்றெல்லாம் இருக்கும்போது ஒரு ஸ்னோ துரை இருக்கக்கூடாதா?

"வேற யாருக்கோ வந்தது. திருப்பி அனுப்பிருவோம்" என்றார் மாமா.

"இருங்க மாமா. நான் வித்துக் காட்டுறேன்."

கடைக்குப் பின்னால் பெட்டியிலிருந்து கொட்டிய மரத்தூள் குவிந்து கிடந்தது. முதலில் மம்பட்டியால் வாரிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் இடுப்பு பிடித்தது. குட்டைக் கைப்பிடிச் சவலால் அள்ளினேன். அதற்கும் குனிய வேண்டியிருந்தது. பிறகு ஸ்னோ துரையின் சவலை எடுத்தேன். நிமிர்ந்து நின்றபடியே ஒரு தள்ளு. பாதிக் குவியல் சுவரோரம் போய்விட்டது. உலகத்தில் முதுகுவலி என்ற ஒன்று இனிமேல் இல்லை என்று எனக்குத் தோன்றியது. (மரத்தூளைக் குழந்தைகூட ஊதித் தள்ளும் என்பது தோன்றவில்லை.)

மறுநாளே வீரமுத்துக் கங்காணி குடையை உதறிக்கொண்டு கடைக்குள் வந்தார். அவர் ஆட்கள் வேலை செய்யும் தோட்டத்துக்கு எங்கள் கடையிலிருந்துதான் பல வருஷமாகச் சாமான் போகிறது.

"மழை பேஞ்சா பங்களா ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குதுங்க" என்றார் மாமாவிடம். "அதை வெட்டி அள்ளுனா மறுநாளு காலையில பேரு குடுக்குற பெரட்டுக்கே பாதி ஆளு வரமாட்டேங்குது, இடுப்பு புடிச்சிருச்சாம். குனியாம அள்ளுற சாமான் ஏதாச்சும் இருந்தா பாத்து வாங்கிட்டு வான்னு தொரை அனுப்பிச்சாரு. நாளைக்கு மத்தியானம் கொழும்பு தொரை தோட்டம் பாக்க வாராரு. அதுக்குள்ள ரோடு சுத்தமா இருக்கணும். இல்லாட்டி என் தலப்பாவ கழட்டி வச்சிற வேண்டியதுதான்."

மாமா வாயைத் திறப்பதற்குள் நான் சவலோடு வந்து நின்றேன். "இது ஸ்னோ துரை செய்தது, கங்காணியார்."

"எந்தத் தோட்டத்து தொரைங்க?"

"சீமையில இருக்கார்."

கங்காணி கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "சீமை தொரைன்னா சும்மாவா" என்றார்.

"மருமகன், வேணாம்" என்றார் மாமா மெதுவாக. "அந்தத் தோட்டத்துல நமக்கு நல்ல பேரு இருக்கு."

நான் கேட்கவில்லை. நானே நேரில் வந்து செய்து காட்டுகிறேன் என்று கங்காணிக்கு வாக்குக் கொடுத்தேன்.

விடிந்ததும் சவல்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மாடுகள் நடந்த நடை எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கி வண்டிக்கு முன்னால் நடந்தேன், வண்டி வரக் காத்திருந்தேன், திரும்பவும் நடந்தேன். மழை விட்டுவிட்டுத் தூறியது.

பங்களா ரோட்டுக்குக் குறுக்கே மலையிலிருந்து செம்மண் சரிந்து இடுப்பளவு கிடந்தது. கங்காணியின் ஆட்கள் கூடைகளோடு நின்றார்கள். மம்பட்டி எதையும் கொண்டுவர வேண்டாம் என்று கங்காணி சொல்லியிருந்தாராம். தோட்டத்துத் துரை பங்களாவில் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து நின்று, சவலை மண்ணுக்குள் தள்ளினேன். மேலே கிடந்த இளகிய சேறு அழகாக வந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. எனக்குத் தலை கனத்தது. அடுத்த தள்ளை ஆழமாகத் தள்ளினேன். நல்ல களிமண். சவல் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. இழுத்தேன். பலம் கொண்டமட்டும் இழுத்தேன். கைப்பிடி மட்டும் என் கையோடு வந்தது.

"ஒண்ணு அப்பிடித்தான்" என்று இன்னொன்றை எடுத்தேன். அதன் அலகு நடுவே பிளந்தது. மூன்றாவதன் தகடு சுருண்டுகொண்டது. கூடை வைத்திருந்த அஞ்சலை என்ற பெண் பக்கத்திலிருந்தவளிடம், "சோறு போடுற அகப்பைய கொண்டாந்துட்டாரோ" என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. கங்காணியின் முகம் வெளுத்துப்போயிற்று. "ஓடிப்போய் லயத்து வீடுகள்ல இருந்து மம்பட்டிய எடுத்தாங்க" என்று கத்தினார்.

அவர்கள் மம்பட்டிகளோடு ஓடிவந்து வெட்டத் தொடங்கினார்கள். நான் சும்மா நிற்கலாமா? நான்காவது சவலைச் சேற்றில் செருகி, இரண்டு கையாலும் ஒரு தூக்குத் தூக்கினேன். சவல் முறியவில்லை. என் இடுப்பில்தான் ஏதோ 'களுக்' என்றது. குனிந்தவன் குனிந்தபடி நின்றேன். மேலேயும் வரமுடியவில்லை, கீழேயும் போகமுடியவில்லை. மூச்சு விட்டால் வலித்தது.

சரியாக அந்த நேரம் வளைவில் குதிரைக் குளம்புச் சத்தம்.

"கொழும்பு தொரை" என்றார் கங்காணி. எல்லோரும் ஒதுங்கிச் சலாம் போட்டார்கள். குதிரை மண்ணைக் கண்டு மிரண்டு நேரே எனக்கு முன்னால் வந்து நின்றது. எனக்குத் தெரிந்ததெல்லாம் குதிரையின் நான்கு கால்களும் துரையின் ஒரு சப்பாத்துக் காலும்தான்.

எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். நான் மட்டும் நிமிரவில்லை. கொழும்புத் துரை தொப்பியைத் தொட்டுப் பதில் மரியாதை செய்தாராம். (இதைப் பிறகு கங்காணி எனக்குச் சொன்னார். எனக்கெங்கே தெரிகிறது?) நான் அப்படியே இருந்தேன். அவர் இன்னொரு முறை தொப்பியைத் தொட்டார். பிறகு அதைக் கழற்றியே விட்டாராம்.

கங்காணி என் காதருகே குனிந்தார். "சின்ன மொதலாளி, சலாம் போதுங்க. நிமிருங்க."

"முடியலைங்க."

"ஏனுங்க, வேண்டுதலா?"

"இடுப்பு, கங்காணியார். இடுப்பு."

அதற்குள் தோட்டத்துத் துரை பங்களாவிலிருந்து இறங்கி வந்துவிட்டார். இரண்டாவது சப்பாத்து ஒன்று என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. சேற்றிலிருந்து ஒரு சவலைப் பிடுங்கிப் படித்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் குதிரை பின்வாங்கியது.

"கடைக்காரன்" என்றார் அவருடைய தமிழில். "இது மண்ணுக்கு இல்லே. நம்ம ஊர்லே குளிர் காலம், மேலேருந்து வெள்ளையா விழும். பஞ்சு மாதிரி. வாசல் எல்லாம் மூடும். அதுக்குப் பேர் ஸ்னோ. அதைத் தள்ளுறதுக்கு இது."

"வானத்துல இருந்து பஞ்சு விழுதுங்களா?" என்றார் கங்காணி. அவர் என்னை நம்பியதைவிடக் குறைவாகத்தான் துரையை நம்பினார் என்று குரலில் தெரிந்தது.

கங்காணியின் தலைப்பாகை தப்பியது. கொழும்புத் துரை அப்படியொரு மரியாதையை இலங்கையில் எங்கும் கண்டதில்லை என்று சொன்னாராம். மண் கிடந்ததை அவர் பொருட்படுத்தவே இல்லை. உடைந்ததில் ஒரு சவலைத் தோட்டத்துத் துரை தன் அறைக்கு எடுத்துப் போனார். எதற்கென்று யாருக்கும் தெரியாது.

வண்டியில் என்னால் உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. முழங்காலும் கையும் ஊன்றி, வைக்கோல் மேல் நாலுகால் பிராணியாகப் பதுளைக் கடைவீதிக்குள் வந்து சேர்ந்தேன். அதே கோலத்தில் வீட்டு வாசலில் இறக்கினார்கள். ரஹ்மா திரையை விலக்கிப் பார்த்தாள்.

"என்னத்தத் தேடுறீங்க?" என்றாள்.

சோறு சம்பந்தப்படாமல் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நடந்ததை நிலத்தைப் பார்த்தபடியே சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததால் எனக்கு அவள் முகம் தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தால் வலித்தது.

அந்த மழைக்காலம் முழுக்க நான் அசையாமல் படுத்துக் கிடந்தேன். அவள் எண்ணெய் காய்ச்சி ஊற்றித் தேய்ப்பாள். "அந்தக் குதிர வந்த எடத்துல இருந்து சொல்லுங்க" என்பாள். நான் சொல்வேன். மீதிச் சவல்களை மாமா பாண் ரொட்டி சுடும் பேக்கரிக்காரரிடம் தள்ளிவிட்டார். அலகைக் கொஞ்சம் சீவினால் அடுப்புக்குள் பாண் வைக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது என்றார் அவர். என்னைப் பார்த்து மாமா சொன்னது ஒன்றே ஒன்று: "இனி கொஞ்ச நாளைக்காவது இருப்பீங்கதானே, மருமகன்."

இத்தனை வருஷமாகியும் எங்கள் வீட்டில் யார் செருப்பைத் தேடிக் குனிந்தாலும் சரி, கூட்டிப் பெருக்கக் குனிந்தாலும் சரி, "போதும், நிமிருங்க, தொரை போயிட்டாரு" என்று ஒரு குரல் வந்துவிடும். பெரும்பாலும் ரஹ்மாவின் குரல். பள்ளிவாசலில் தொழுகையில் நான் குனிந்து நிற்பது ஒரு கணம் நீண்டுவிட்டால், பக்கத்தில் நிற்கும் என் மூத்த மகனின் தோள் குலுங்குவது எனக்குத் தெரிகிறது. அவன் அப்போது பிறந்திருக்கவே இல்லை.