வீட்டுக்கு வந்த ஆடிட்

ஃபேக்டரியில் ரொம்ப காலம் வேலை பார்ப்பவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். யாராவது பேனாவும் கையுமாகக் கேள்வி கேட்க வந்தால், அது ஆடிட் என்றே அவனுக்குத் தோன்றும். எனக்கு அந்த வியாதி முற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பிள்ளைகளே, நான் பத்தாவது வரை படித்தவன். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் லீடர். என் மகள் கயல்விழி அப்போது பி.எஸ்ஸி. நுண்ணுயிரியல் கடைசி வருஷம். ஏரித் தண்ணீரில் இருக்கும் கிருமியை வேப்பிலைச் சாறு கொல்லுமா என்று, அவளும் தோழி நஸ்ரினும் சேர்ந்து ப்ராஜெக்ட் செய்து முடித்திருந்தார்கள். இப்படி ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதையே ஆராய்ச்சி செய்யும் ஒரு மேடம், இருவரையும் பேட்டி எடுக்க எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்.

"நாங்க பட்டதெல்லாம் கேக்கறதுக்கும் ஒருத்தங்க வர்றாங்கப்பா!" என்று கயல் குதித்தாள்.

நான் குதிக்கவில்லை. ஆடிட்டுக்கு ஃபேக்டரியில் ஒட்டுவதுபோல, தரையில் மஞ்சள் டேப் ஒட்டினேன். (செருப்பு விட ஒரு கட்டம், மேடம் நடக்க ஒரு பாதை.) பிறகு இரண்டு பெண்களையும் நிற்கவைத்துப் பயிற்சி கொடுத்தேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில். குறைன்னு ஒண்ணும் வாயில வரக் கூடாது. காலேஜுக்குக் கெட்ட பேரு வந்தா மார்க்குல கை வெச்சிடுவாங்க."

"இன்னாங்க இது? ஊட்டுக்கு வர்றது மேடமா, உங்க கம்பெனிக்கு ஆடிட் பண்ண வர்ற ஜப்பான்காரனா?" என்றாள் என் மனைவி.

மேடம் வந்தார். பாவம், டேப்பைத் தாண்டக் கூடாதோ என்று பயந்து ஓரமாகவே நடந்தார். ரெக்கார்டரை வைத்தார். நான் கழுத்தில் கம்பெனி ஐடி கார்டோடு பின்னால் நின்றேன்.

"ப்ராஜெக்ட்ல எது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் நல்லா போச்சு," என்றாள் கயல்.

"உனக்கு எப்படிம்மா?"

"ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் நல்லா போச்சு," என்றாள் நஸ்ரின்.

நான் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். மேடம் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"சார், கஷ்டத்தைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன். யார் சொன்னதுன்னு வெளிய வராது. எல்லாம் நல்லா போச்சுன்னா, இவங்களைப் பத்தி எழுத எனக்கு ஒண்ணுமே இல்ல."

ரெக்கார்டரை எடுக்கக் கை நீட்டினார். கயலின் முகம் சுருங்கிவிட்டது.

"அப்பா, நீ கொஞ்சம் வெளிய போறியா?"

போனேன். (ஜன்னல் வரைக்கும்தான்.)

உள்ளே கயல் அணை உடைந்த மாதிரி கொட்டினாள். "கரண்ட் போயி, கிருமி வளத்து வெச்சிருந்த மொத்த பிளேட்டும் வீணாச்சு மேடம். திரும்ப செஞ்சோம். வேப்பிலைச் சாறு ஊத்துனா கிருமி சாகல, இன்னும் ஜோரா வளருது! பாத்ரூம்ல போயி அழுதேன்."

"போன வருஷ ரிசல்ட் நம்பரையே போட்டுட்டுப் போங்கடின்னாங்க சீனியருங்க," என்றாள் நஸ்ரின்.

"போட்டீங்களா?"

"போடல மேடம். வேலை செய்யலன்னே எழுதிட்டோம். எக்ஸாமினர் முன்னாடி நின்னு, ஏன் வரலன்னு ஒவ்வொண்ணா சொன்னோம்," என்றாள் கயல்.

எங்கள் லைனில் தப்பான பீஸைச் சிவப்புத் தொட்டியில் போடுவோம். ஆடிட் அன்றைக்கு முதலில் ஒளித்து வைப்பது அந்தத் தொட்டியைத்தான். என் பெண் அதைத் தானே தூக்கிக்கொண்டு போய் எக்ஸாமினர் மேஜைமேல் வைத்திருக்கிறாள்! நான் இருப்பது ஜன்னலுக்கு வெளியே என்பதையே மறந்துவிட்டேன்.

பேசியதையெல்லாம் டைப் செய்து, சரிபார்க்கச் சொல்லி மேடம் அனுப்பினார். அதில் ஓரிடத்தில் இப்படி இருந்தது: (ஜன்னலுக்கு வெளியே தந்தை கைதட்டுகிறார். பேட்டி சிறிது நேரம் நிறுத்தப்பட்டது.)

கயல் இப்போது எம்.எஸ்ஸி. படிக்கிறாள். எங்கள் வீட்டில் தோசை கிழியாமல் வந்தால்கூட என் மனைவி கரண்டியை உயர்த்தி அறிவிக்கிறாள்: "ஜன்னலுக்கு வெளியே தந்தை கைதட்டுகிறார்!"

நானும் எழுந்துபோய், ஜன்னலுக்கு வெளியே நின்று, தட்டிவிட்டுத்தான் வருகிறேன்.