பொன்னாடை விழுந்த பலகை

மலையக செஸ் இறுதிப்போட்டிக்கு என்னையத் தலைமை நடுவராப் போட்டாங்க. எனக்கு செஸ் தெரியாது. அதுதான் தகுதி. "தெரிஞ்ச ஆளுன்னா பாரபட்சம் வந்திரும் அண்ணே"ன்னாரு செயலாளர் இக்னேசியஸ். போதாததுக்கு, தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்கெல்லாம் மைக் புடிக்கிறவன் நான்.

அட்டன்ல ஒரு மண்டபம். இந்தப் பக்கம் அக்கரப்பத்தனை சுகிர்தம் டீச்சர். அந்தப் பக்கம் வட்டவளை தபால்கார விஜிதரன். ரெண்டும் புலி. ஜெயிக்கிறவங்க கொழும்பு போட்டிக்குப் போகலாம். டீச்சர் மூணு வருசமா கடைசி ஆட்டத்துல தோத்தவங்க.

பத்து மணிக்கு வர வேண்டிய பிரதம அதிதி ரெண்டு மணிக்கு வந்தாரு. டீச்சர் இன்னும் ஒரு காய் நகத்துனா ஆட்டம் முடிஞ்சிரும். கைய நீட்டிட்டாங்க.

"ஆட்டத்தை நிறுத்தவும்"னேன் மைக்குல. "பெருமதிப்பிற்குரிய அதிதி அவர்களின் திருக்கரங்களால் ஆட்டம் ஆரம்பித்து வைக்கப்படும்."

"முடியப்போகுதுங்க"ன்னாங்க டீச்சர்.

"ஆரம்பிக்காம எப்படி டீச்சர் முடியும்?"

பலகைக்குப் பக்கத்துல வச்சே அதிதிக்குப் பொன்னாடைய நான்தான் போத்துனேன். வீசிப் போத்துறது என் பாணி. குஞ்சம் பலகையக் கூட்டித் தள்ளிருச்சு. ராசா, ராணியெல்லாம் நாற்காலிக்கு அடியில.

காய் நகத்துனத எழுதி வச்ச தாளு ரெண்டு இருந்துச்சு. ஆட்டத்த நிறுத்துனப்பவே அத வாங்கி, பின்பக்கத்துல வரவேற்புரை எழுதிட்டேன். அது புடிச்சுப்போயி அதிதி கையோட கொண்டுபோயிட்டாரு.

ரெண்டு பேரும் ஒரே நிமிசத்துல மனப்பாடமா காய அடுக்கிட்டாங்க. "இப்படித்தான் சார் இருந்துச்சு. நான் தோத்துட்டேன்"னாரு விஜிதரன்.

இக்னேசியஸ் என் காதுல சொன்னாரு: "ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க அண்ணே. அதான் இடிக்குது."

"சாட்சி வேணும்"னேன்.

மண்டபத்துல நூத்திப்பத்து போன். எல்லாத்துலயும் தேடுனோம். அதிதியோட காது மட்டும் நாலு கோணத்துல இருந்துச்சு. பலகை ஒண்ணுலயும் இல்ல. டீச்சரோட வீட்டுக்காரரும் அதிதியத்தான் எடுத்திருந்தாரு.

"என்னைய ஒண்ணு எடுக்கலியா?"

"நீதான் தெனம் வீட்டுல இருக்கியே."

கொழும்புக்குப் பேரு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். குழு கூடுச்சு. சர்ச்சையில சம்பந்தப்படாத, பாரபட்சமில்லாத ஒரே ஆள அனுப்புறதுன்னு ஏகமனதாத் தீர்மானம். நானும் கைதூக்குனேன்.

கொழும்புல நாலாவது நகத்தல்ல தோத்தேன். போட்டோ நல்லா வந்திருக்கு.

திரும்பி வந்தப்ப அட்டன் ரயில் ஸ்டேஷன்ல எனக்குப் பொன்னாடை. போத்துனது சுகிர்தம் டீச்சர். அவங்க வீசல. கழுத்த ஒட்டி, ரெண்டு சுத்துச் சுத்தி, இறுக்கிப் போத்துனாங்க.

நூத்திப்பத்து போனும் படம் புடிச்சுச்சு. ஒருத்தரும் கிட்ட வரல.