ஹாஜி ஸைதான் அவசரப்பட்டுக் குடித்த காப்பி

அம்மான், அஷ்ரஃபிய்யா மேடு
பிப்ரவரி 1988

குவைத்தில் குளுகுளு அறையில் வீற்றிருக்கும் என் தாய்மாமா, மாண்புமிகு முன்திர் அவர்களின் இரண்டு கைகளிலும் முத்தமிட்டு, மாமிக்கு ஸலாமும் குட்டிகளுக்குக் கன்னத்தில் ஒரு கிள்ளலும் அனுப்பிவிட்டு, மருமகன் ஹைஸம் பணிவோடு எழுதுவது. அல்லாஹ்வின் அருளால் இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்காலில் வலி, அப்பாவுக்கு மூக்குமேல் கோபம், அக்கா அரீஜுக்கு முகமெல்லாம் சிரிப்பு, எனக்கு முதுகில் அப்பாவின் செருப்பு அச்சு, அளவு எண்ணோடு. உங்கள் நலமறியத் துடிக்கிறேன். ஆனால் அதைவிட அதிகமாக வேறொன்றுக்குத் துடிப்பதால் நேராக விஷயத்துக்குத் தாவுகிறேன்.

லாரிக்காரர் ஷவ்கத் இந்த வியாழக்கிழமை இங்கிருந்து கிளம்புகிறார். குவைத் வந்ததும் உங்கள் வீட்டு வாசலில் ஒரு பெட்டியை இறக்குவார். வாங்காதீர்கள். போன பெருநாளைக்கு நீங்கள் எனக்கு வாங்கிக் கொடுத்தீர்களே, அரபி எழுத்துத் தெரிந்த கம்ப்யூட்டர், அதுதான் அந்தப் பெட்டிக்குள் நாடு கடத்தப்பட்டு வருகிறது. 'உன் கூடப்பிறந்தவன் அனுப்பியது கம்ப்யூட்டர் இல்லை, ஷைத்தான்' என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டே கயிறு கட்டினார். நடந்ததை அவர் எழுதினால் கோபம்தான் மிஞ்சும், நியாயம் மிஞ்சாது. ஆகவே நான் எழுதுகிறேன்.

அரீஜைப் பெண் கேட்டு ஸமீஹ் வீட்டிலிருந்து பெரியவர்கள் வருவதாக இருந்தது உங்களுக்குத் தெரியும். ஸமீஹ் டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர், நல்லவர். அக்காவுக்கு அவர்மேல் அப்படி ஒரு விருப்பம். எங்கள் வீட்டு டிவி அடிக்கடி கெட்டுப்போன மர்மம் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. ஆனால் அப்பாவின் மனசில் ஒரு இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முகம் கிடையாது, பெயர் கிடையாது, பட்டம் மட்டும் உண்டு. அதனால் அப்பா போட்ட திட்டம், வந்தவர்களிடம் முகத்துக்கு நேரே மறுக்காமல், 'பெண்ணின் தாய்மாமன் குவைத்தில் இருக்கிறார், கோடைக்கு வரட்டும், கலந்து பேசிச் சொல்கிறோம்' என்று உங்களைக் கேடயமாகத் தூக்கிக் காட்டுவது. நம் ஊரில் 'கலந்து பேசி' என்றால் 'கலைந்து போங்கள்' என்று அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியாததா? அடுக்களையில் காப்பிக் கிண்ணம் துடைத்துக்கொண்டே அக்கா அழுதாள். "அப்பா மட்டும் கோடைன்னு சொல்லட்டும், எனக்கு இனிமே வருஷம் பூரா மழைக்காலம்தான்டா"ன்னாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளைக் கிண்டல் பண்ணாமல் விட்ட முதல் நாள் அது.

இப்போது என் பக்கத்துத் துயரம். அதே நாள் காலையிலிருந்து நான் 'அபூ நத்தா'வை ஓட்டிக்கொண்டிருந்தேன். அட்டைப்பெட்டியில் எல்லாம் ஜப்பானிய எழுத்து, விளையாட்டின் பெயர் யாருக்கும் தெரியாது. முதுகில் தண்ணீர்த் தோல்பையோடு கூரைக்குக் கூரை, கிணற்றுக்குக் கிணறு குதித்துக் குதித்து ஓடுகிற அந்தக் குட்டையனுக்குத் தெருப் பையன்கள் வைத்த பெயர் அபூ நத்தா, அதாவது துள்ளலின் தகப்பன். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அவனை அரண்மனைக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தேன். ஒரே ஓர் உயிர் மிச்சம். மாமா, இந்த விளையாட்டில் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்கிற வசதி கிடையாது. மின்சாரத்தைப் பிடுங்கினால் அவன் பிறந்த தெருவுக்கே போய்விடுவான். அந்த நேரம் பார்த்து அப்பா வந்து, "விருந்தாளிங்க வர்ற நேரம், அந்தச் சனியனை அணைச்சு எடுத்து வைடா"ன்னார். எடுத்து வைக்கத்தான் செய்தேன், அணைக்கத்தான் மனம் வரவில்லை. ஆளை அசையாமல் நிற்கவைக்கும் பொத்தானை அழுத்தினேன், டிவியின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்தேன், அம்மாவின் பூப்போட்ட துணியை அதன்மேல் போர்த்தினேன். சத்தத்தையும் குறைத்திருப்பேன். அந்தத் திருகு உடைந்து, குறடு வைத்துத்தான் திருக வேண்டும். குறட்டை அம்மா விருந்தாளிகளுக்காக ஒழுங்குபடுத்தி எங்கேயோ காணாமல் ஆக்கியிருந்தாள். கம்ப்யூட்டரின் வயர் குட்டை, அது எட்டுகிற ஒரே மறைவிடம், கூடத்தின் தலைமாட்டு மெத்தைக்கு அடியில். அங்கேதான் வருகிறவர்களில் பெரியவரை உட்காரவைப்பார்கள் என்பது எனக்கு அந்தப் பதற்றத்தில் உறைக்கவில்லை. உறைத்தது பிறகு, செருப்பால்.

வந்தார்கள். தலைமை, ஸமீஹின் பெரியப்பா ஹாஜி ஸைதான். வெள்ளைத் தாடி, தங்கக்கரை மேலங்கி, இதுவரை தலைமை தாங்கிப் போன வீடு எதிலிருந்தும் வெறுங்கையோடு திரும்பாதவர் என்று பேர். நேரே போய் என் கம்ப்யூட்டர்மேல் அமர்ந்தார். அரீஜ் போட்ட காப்பியை எங்கள் பெரியப்பா ஃபவாஸ் ஊற்றி அவர் முன்னால் வைத்தார். முறைப்படி அவர் அதைத் தொடவில்லை. நாம் பெண்ணைத் தருகிறோம் என்று வாயால் சொல்லி, 'இனி உங்கள் காப்பியைக் குடியுங்கள்' என்கிறவரை தொடவும் கூடாதே. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"மனுஷனை மனுஷனோட சேர்த்துவைக்கிறவன் அல்லாஹ்..."

*ப்யூய்ங்!*

எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஹாஜி பேசும்போது அழுத்தம் கொடுக்க வேண்டிய இடத்தில் உடம்பையும் அழுத்துகிறவர். "நாங்க வந்தது உங்க வீட்டு மரியாதையை நாடி..." *ப்யூய்ங்!* ஹாஜியின் கனத்தில் நிறுத்தல் பொத்தான் விடுபட்டு, துணிக்குள் அபூ நத்தா நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு மட்டும் தெரியும். பெரியப்பா ஃபவாஸ் ஹாஜியின் காது மெஷினைச் சந்தேகத்தோடு பார்த்தார். ஹாஜியோ எங்கள் மண்ணெண்ணெய் அடுப்பைப் பார்த்து, "அபூ ஹைஸம், உங்க அடுப்புக்கு விக்கல் எடுக்குது போல" என்றார் அப்பாவிடம். அப்பா அசடு வழிந்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும். அம்மான் பூரா எத்தனையோ வீட்டுல உட்கார்ந்திருக்கேன், இப்படி அடியிலேர்ந்து இதமா சூடு ஏத்துற மெத்தையை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். பரக்கத்தான வீடு!" அப்பாவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் பெருமையாகத் தலையாட்டிவைத்தார்.

இதமான சூடு கொஞ்ச நேரத்தில் இதம் தவறியது. ஹாஜி நெளிந்தார், எழுந்தார், மெத்தையைத் தூக்கினார். கறுப்புப் பெட்டி, வயர், சிவப்பு விளக்கு. "யா ஸாத்திர்! குண்டு!" என்று ஒருவர் அலற, பெண் கேட்க வந்தவர்கள் பாதிப் பேர் வாசலைக் கேட்டு ஓடினார்கள். ஸமீஹ்தான் அடக்கினார். "குண்டு இல்ல பெரியப்பா, கம்ப்யூட்டர். பையனோட விளையாட்டு." சொல்லிவிட்டு, தொழில் பழக்கம், எட்டிப்போய்த் துணியை விலக்கி வெளிச்சத்தையும் கூட்டிவிட்டார். திரையில் அபூ நத்தா, கிணற்று விளிம்பில், பல்லிளித்துக்கொண்டு.

அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்த நீலக் காகிதம் தாங்காது. ஹாஜி மட்டும் குனிந்து பார்த்தார்.

"யாருடா இவன்?"

"அபூ நத்தா, ஹாஜி."

"எந்த ஊரு அபூ நத்தா? ஏன் இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கமாப் போகப் பார்க்கிறான்? எழுத்தறிவு உள்ளவன் வலதுலேர்ந்துல்ல கிளம்புவான்?"

"ஜப்பான்ல செஞ்சவன், ஹாஜி."

"பாவம். ஏன் நிக்கிறான்?"

"ஒரே உயிர்தான் மிச்சம். விழுந்தா எல்லாம் போச்சு."

"எல்லாருக்கும் ஒண்ணுதானேடா மிச்சம்? தாண்டு, பார்ப்போம்."

"அணைடா அதை!" என்று அப்பா. "இருங்க அபூ ஹைஸம், ஒருத்தன் கிணத்து விளிம்புல நிக்கிறான், அவனை அப்படியே விட்டுட்டுக் கல்யாணம் பேசுறதா?" என்று ஹாஜி. விருந்தாளி சொல்லை வீட்டுக்காரர் தட்ட முடியுமா? தாண்டினேன். கூடமே 'மாஷா அல்லாஹ்' என்றது. அடுத்தது ஆடுகிற மரப்பாலம், அடுத்தது வௌவால். பெண்ணைக் கேட்க வந்தவர் பெட்டியைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் திசை, அவர் தாவல். "இப்ப! இப்ப அமுக்குங்க ஹாஜி!" "அமுக்கிட்டேன்டா, கத்தாதே!" அரண்மனை வாசலில் அடுத்தடுத்து மூன்று கிணறு. முதல் கிணற்றைத் தாண்டியதும் ஹாஜிக்கு நாக்கு வறண்டுவிட்டது. கண் திரையில் இருக்க, கை மட்டும் தானாகப் போய், முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்து, ஒரே மூச்சில் குடித்து, அதோடு நில்லாமல், 'போதும்' என்கிற மாதிரி இரண்டு ஆட்டு ஆட்டிக் கீழே வைத்தது.

எல்லார் கண்ணும் காலிக் கிண்ணத்தில், மாமா. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒரு தட்டு விழுந்து உடைந்தது. அக்காவின் உயிரும் அந்தக் கிண்ணத்தோடு காலியானது போல.

பெரியப்பா ஃபவாஸ்தான் முதலில் வாய் திறந்தார். "ஹாஜி காப்பியைக் குடிச்சுட்டாரு. அப்படின்னா கேக்க ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். வந்தீங்க, சந்தோஷம்."

"அதெப்படி? குடிச்சாச்சுன்னா குடுத்தாச்சுன்னு அர்த்தம்!" என்றார் அந்தப் பக்கத்தவர்.

"கேக்காததை எங்கேர்ந்துய்யா குடுக்கிறது?"

"வேற கிண்ணத்துல ஊத்துங்க, இது கணக்குல வேண்டாம்."

"அப்போ முழுங்கினதை என்ன, துப்பச் சொல்றீங்களா?"

தாவலில் ஆரம்பித்தது தகராறில் போய் முட்ட இருந்தது. அப்பாவின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியதை நான் பார்த்தேன். கேள்வியே இல்லையென்றால் பதிலும் வேண்டாம், உங்கள் பெயரைக்கூடச் செலவழிக்க வேண்டாம் அல்லவா? அப்போது ஹாஜி எழுந்தார்.

"அபூ ஹைஸம், வார்த்தை கிடைக்காம நான் ஒரு நாளும் காப்பி குடிச்சவன் இல்ல. இன்னிக்கு உங்க கூரைக்குக் கீழே குடிச்சுட்டேன். நாளைக்குச் சந்தைல, 'ஸைதான் காப்பிக்கு ஆசைப்பட்டுப் போனான், குடிச்சுட்டு வந்தான்'னு சிரிப்பாங்க. இனி நான் பொண்ணைக் கேக்க மாட்டேன், கேக்கிற வாயை இழந்துட்டேன். என் மானம் உங்க விரிப்புல கிடக்கு. மிதிக்கிறதும் எடுத்துக் குடுக்கிறதும் உங்க இஷ்டம்."

கேட்டிருந்தால் அப்பா தட்டிக்கழித்திருப்பார். கேட்காமல் விட்டதைத்தான் அவரால் கழிக்க முடியவில்லை. நம் வீட்டு விரிப்பில் விருந்தாளியின் மானம் போனதாகச் சரித்திரம் உண்டா? இன்ஜினியர் அவர் மனசிலிருந்து எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனதை நான் கண்ணாலேயே கண்டேன். "ஹாஜி, நீங்க குடிச்சது நாங்க குடுத்த வார்த்தையைத்தான். அரீஜ் உங்க வீட்டுப் பொண்ணு." உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள், அதில் எல்லாரையும் முந்தியது மணப்பெண்ணின் குரல் என்பது வெளியே சொல்லக் கூடாத ரகசியம்.

வார்த்தை கிடைத்ததும் ஹாஜி பெட்டியை மறுபடி மடியில் எடுத்து அடுத்த தாவலை அமுக்கினார். அதே நேரம் நிச்சயத்துக்கு ஃபாத்திஹா ஓத எல்லாரும் கையை ஏந்தினார்கள். ஹாஜியும் ஏந்தினார், இரண்டாம் கிணற்றுக்கு நேர் மேலே பொத்தானை விட்டுவிட்டு. அவன் செத்தால் பெட்டி வாசிக்கும் சோக மெட்டு ஓதி முடிகிறவரை இழுத்துக்கொண்டிருந்தது. ஒரே ஃபாத்திஹாவில் அரீஜுக்கு நிச்சயமும் அபூ நத்தாவுக்கு நல்லடக்கமும் முடிந்தன.

இதில் என் குற்றம் என்ன மாமா? நான் ஒரு குட்டையனைக் காப்பாற்றப் பார்த்தேன், நடுவில் ஓர் அக்கா கரையேறினாள். அப்பாவோ, "ஊர்ல எல்லாரும் பொண்ணைக் கேட்டபிறகு குடுப்பாங்க, நான் கேக்காமலே குடுத்தவன்"னு சொல்லிச் சொல்லிக் கயிற்றை இறுக்குகிறார். 'கொடுத்ததைத் திரும்ப வாங்குவது எங்கள் வம்சத்தில் இல்லை' என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள் போதும். உங்கள் எழுத்துக்கு அப்பா கட்டுப்படுவார்.

உங்கள் ஆயுள் நீளட்டும், சம்பளம் அதைவிட நீளட்டும், குவைத் வெயில் உங்கள் வழுக்கையை மட்டும் விட்டுவைக்கட்டும். மாமிக்கும் குட்டிகளுக்கும் அம்மாவின் முத்தங்கள். அரீஜ் உங்கள் கையை முத்தமிடுகிறாள். திருமணப் பரிசைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காமலே கிடைக்கும் என்று கண்டுகொண்டாள்.

இப்படிக்கு,
நிரபராதி மருமகன்
ஹைஸம்

பி.கு. (சில நாள் கழித்து): மாமா, மேலே எழுதியதெல்லாம் இனிச் செல்லாது. உறையை நான் ஒட்டப்போன நேரம் ஹாஜி ஸைதான் குனாஃபா இனிப்புத் தட்டோடு வந்து, "அந்தப் பய மூணு கிணத்தையும் தாண்டினானா?"ன்னார். பெட்டி குவைத்துக்குக் கட்டியாகிவிட்டது என்று அப்பா மகிழ்ச்சியோடு சொன்னார். அதற்கு ஹாஜி, "அபூ ஹைஸம், உங்க பொண்ணைக்கூட நான் வாய் திறந்து கேட்டதில்ல. இதைக் கேக்குறேன்" என்றார். அப்பா தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்தார். அன்றிலிருந்து தினமும் அஸர் தொழுகை முடிந்ததும் வந்துவிடுகிறார். அப்பாவுக்கு எட்டு மணிச் செய்தி போச்சு, அம்மாவுக்கு எகிப்து நாடகம் போச்சு, எனக்கு விரல் வைக்க ஒரு பொத்தான்கூட இல்லை. அரைகுறையாகத் தாவி விழுந்துவிட்டு, "உன் திசை சரியில்லைடா"ன்னு என் தலையில் குட்டுகிறார். சம்பந்தியாயிற்றே, யாரும் வாய் திறக்க முடியவில்லை. ஆகவே மாமா, தந்தி அடித்தாவது, 'கம்ப்யூட்டர் எனக்கு உடனே வேண்டும்' என்று கேளுங்கள். கட்டுவதற்கு இந்த முறை அப்பாவோடு நானும் கயிறு பிடிக்கிறேன்.