பெண் பார்க்கப் போய் இரும்பு ராவிய கதை

பெண் பார்க்கப் போன இடத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள். என்னை அரத்தோடு நிற்கவைத்துவிட்டார்கள்.

1950களில் இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எனக்கு மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை கிடைத்திருந்த புதிது. (அதற்குள் நடையே மாறிவிட்டது. காதில் பென்சில் வேறு!) கமலத்தைப் பார்க்க மாமாவோடு மஸ்கெலியாவுக்குப் போனேன். அவளுடைய அப்பா அங்கே ஒரு தோட்டத்தில் ஹெட் பிட்டர். வாசலிலேயே மாமா அளந்துவிட்டார்: "நம்ம பையன் கைபட்டா இரும்பு வெண்ணெயா வரும்ங்க!"

"அப்படிங்களா? வாங்க தம்பி, பார்ப்போம்" என்று அவர் நேராகப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். ஓர் இரும்புத் துண்டை மேசையில் பொருத்தியிருந்த வைஸ் என்ற இடுக்கியின் வாயில் வைத்து இறுக்கி, புத்தம்புது அரத்தைக் கையில் கொடுத்தார். "மேப்பக்கத்த மட்டமா ராவுங்க. மூலைமட்டத்த மேல வச்சுப் பார்த்தா அடியில வெளிச்சம் தெரியக்கூடாது."

கதவிடுக்கில் கமலத்தை ஒருமுறை பார்த்திருந்தேன். அதற்கே மலையை ராவச் சொன்னாலும் ராவியிருப்பேன். ஆனால் இந்தத் துண்டு சரியாக வராவிட்டால் அவள் கிடைக்கமாட்டாள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ராவினேன். இடப்பக்கம் வெளிச்சம். வலப்பக்கத்தைக் குறைத்தேன், அங்கே வெளிச்சம்! "இன்னும் ராவுங்க" என்றார். ராவினேன். மறுபடியும் "ராவுங்க." சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து கமலம் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கண்ணை அவள்மேல் வைத்து, கையை அரத்தில் வைத்து, ராவினேன் பாருங்கள் ஒரு ராவு! கிரீச்சென்று சத்தம். நல்ல உறுதியான இரும்பு போலிருக்கிறது என்று இன்னும் அழுத்தினேன்.

"அய்யய்யோ! அப்பா, அவரு வைஸ ராவுறாரு!"

குனிந்து பார்த்தேன். துண்டு தேய்ந்து வைஸின் வாய்க்குள்ளேயே போயிருந்தது. அரத்தின் பல்லெல்லாம் மொட்டை.

"தொரகிட்ட கெஞ்சி வாங்குன அரம்யா!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். மாமா, நான் யாரோ என்பதுபோல வெளியே போய் நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வேல தெரியாதவனுக்குப் பொண்ணு கெடையாது!"

"வேலய நீங்க கத்துக்குடுங்கப்பா" என்றாள் கமலம். "இம்புட்டு நேரம் நீங்க ராவு ராவுன்னு சொல்ல, ஒரு வார்த்த எதுத்துப் பேசல பாருங்க. எனக்கு இவரே போதும்."

தையில் கல்யாணம். வேலையை மாமனார் திட்டித் திட்டியே கற்றுக்கொடுத்தார். ஆனால் இன்றைக்கும் வீட்டில் நான் ஏதாவது எதிர்த்துப் பேச வாயெடுத்தால், "பட்டறையில நான் பார்த்த ஆளு எங்க?" என்பாள் கமலம். உடனே பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, "ராவுங்கப்பா, ராவுங்க!" என்று கத்தும்.

நானும் ராவிக்கொண்டுதான் இருக்கிறேன்.