நடுப்பெயர் கேட்பவர்

மனிதர்களில் நடுப்பெயர் கேட்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் அவருடைய கையைக் குலுக்கி, பெயரைச் சொல்லி, இந்தப் பனி எப்போதுதான் விடுமோ என்று வழக்கமான புலம்பலைத் தொடங்குவதற்குள், அவர் தலையைச் சற்றே சாய்த்து, மிகுந்த பாசத்தோடு, "நடுப்பேர் என்ன?" என்பார். ஆகா, நம் முழுப்பெயரையும் தெரிந்துகொள்ள ஒரு ஜீவன் ஆசைப்படுகிறதே என்று நீங்கள் நெகிழ்ந்து போவீர்கள். நெகிழாதீர்கள். அடுத்த கேள்வி, "பொறந்த நாள் எப்போ? வாழ்த்துச் சொல்லத்தான்!" வாழ்த்து வரவே வராது. நீங்கள் காரில் ஏறி பெல்ட் போடுவதற்குள், அவர் கைபேசியில், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய கவுண்டி, அதாவது மாவட்ட, நீதிமன்றத்தின் வழக்குப் பதிவுகளைத் திறந்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டி நீங்கள் எப்போதாவது மாட்டியிருக்கிறீர்களா என்று தேடிக்கொண்டிருப்பார்.

நடுப்பெயர் எதற்கு என்கிறீர்களா? எங்கள் அமெரிக்க விஸ்கான்சின் மாநிலத்தில் தடுக்கி விழுந்தால் ஓர் ஓல்சன் மேல்தான் விழ வேண்டும். ராபர்ட் ஓல்சன் என்று தட்டினால் ஒரு தேவாலயம் நிறைய ஆட்கள் வந்து நிற்பார்கள். அதில் யோக்கியர் யார், பாட்டிலோடு பிடிபட்டவர் யார் என்று பிரித்துக் காட்டுவது அந்த நடுப்பெயர் ஒன்றுதான். பெற்றவர்கள் தாத்தாவின் நினைவாக வைத்த பெயர், பாவம், இந்த வேலைக்குப் பயன்படுகிறது.

எங்கள் ஊர் நார்வெட்டில் இந்த இனத்தின் சிகரம் ஆர்லின் குவாம். தீவன ஆலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் மீன் பிடிக்கப் போவார்கள். இவர் ஆள் பிடிக்கிறார். குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளுவார்கள், ஆர்லின் நடுப்பெயரைக் கேட்டு மனதில் போட்டுக்கொள்வார். பதினாறு வயதில் பிள்ளைக்கு லைசென்ஸ் வரும் அல்லவா, அப்போது உதவுமாம்! மளிகைக் கடை வாசலில் யாராவது வண்டியைக் கிளப்பும் முன் தலையைக் குனிந்தால் போதும், இவர் நின்றுவிடுவார். குழாயில் ஊதி, குடிக்கவில்லை என்று காட்டினால்தான் வண்டியைக் கிளம்ப விடும் கருவியை நீதிபதி பொருத்தச் சொல்லியிருக்கிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். கடைசியில் பார்த்தால் அந்த மனுஷர் சூடான காப்பியை ஊதிக்கொண்டிருப்பார்.

தொழிலில் புதியவர்களைக் கண்டால் ஆர்லினுக்கு ஓர் இளக்காரம். அவர்கள் நேரே கிரிமினல் பிரிவில் போய்த் தேடி, ஒன்றும் இல்லை என்று கையை விரிப்பார்கள். "அடப் பாவமே," என்பார் ஆர்லின், "நம்ம மாநிலத்துல முதல் தடவை குடிச்சிட்டு ஓட்டினா அது கிரிமினல் குத்தமே இல்லப்பா. வேகமாப் போனதுக்குக் குடுக்கிற மாதிரி ஒரு அபராதச் சீட்டு, அவ்வளவுதான். போக்குவரத்துல தேடு!" இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பொங்குகிற ஒளியை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஆனால் அவரை வம்பர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவருக்குக் கொள்கை உண்டு. தேடும் இணையப் பக்கத்தில் எந்தக் கவுண்டி என்று ஒரு பெட்டி கேட்கும். அதில் ஆர்லின் எங்கள் பிர்ச் கவுண்டியைத் தவிர வேறொன்றைத் தொட்டதே இல்லை. "நம்ம கவுண்டியைப் பார்க்கிறது குடிமகனோட கடமை. அடுத்த கவுண்டியைப் பார்த்தா அது ஒட்டுக் கேக்கிறது. நான் என்ன வம்பு பேசறவனா?"

இந்தக் கொள்கையால் அவருக்குக் கிடைத்த ஞானம் என்ன தெரியுமா? ஆற்றுக்கு இந்தப் பக்கம், அதாவது நார்வெட்டில், எல்லோரும் தங்கம். பாலத்துக்கு அந்தப் பக்கம் மார்லோ கவுண்டியில் எல்லோரும் மொடாக்குடியர்கள். ஆதாரம் கையில் வைத்திருக்கிறார்: எங்கள் நீதிமன்றத்தில் குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு எதைப் பார்த்தாலும் மார்லோ விலாசம்! அவருக்குத் தோன்றாத ஒரு சின்ன விஷயத்தை நான் சொல்கிறேன். எந்த மனிதன் தன் சொந்த ஊரில், ஆர்லின் உட்கார்ந்திருக்கிற அறையில், மூன்றாவது பிராந்தி கேட்பான்? எங்கள் ஊர் பாலத்தைத் தாண்டிப் போய்க் குடிக்கும். அவர்கள் ஊர் இங்கே வந்து குடிக்கும். வீடு திரும்புகிறவர்களுக்காக மார்லோ போலீஸ்காரர் பாலத்தின் அந்த முனையிலும், எங்கள் போலீஸ்காரர் இந்த முனையிலும் வண்டியைப் போட்டுக் காத்திருப்பார்கள். மாட்டுகிறவர்கள் குடித்த பக்கத்திலேயே மாட்டுவார்கள். எந்த இடத்தில் பிடித்தார்களோ அந்தக் கவுண்டியில்தான் வழக்கு. இது ஊரில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். ஆர்லினுக்குத் தெரியாது. யார் சொல்வார்கள், சொல்லுங்கள்?

இப்படியே எல்லோரும் சௌக்கியமாக இருந்தோம். நடுவில் வந்தது ரெஜினா பிரோஹாஸ்காவின் விஷயம்.

ரெஜினாவுக்கு இரண்டு பெண்கள், புருஷன் இல்லை. பாலாடைக்கட்டி ஆலையில் அவளுடைய ஷிப்டை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்ட ஆள் வேண்டும் என்றதும் மனுப் போட்டாள். அது கிடைத்தால் இங்கே இருக்கலாம், கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு மில்வாக்கியில் அக்காள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை பள்ளிக் குழு கூடி முடிவு செய்யும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் சாப்பிட, ரெஜினா உட்பட ஊரே சப்பர் கிளப் என்கிற எங்கள் சாப்பாட்டு விடுதியில் கூடியிருந்தது. பள்ளிக் குழுத் தலைவர் வெண்டல் ஷுல்ட் அடுத்த மேஜையில் இருந்தார். நான் ஆர்லினுக்கும் அவர் மனைவி ஆர்டிஸுக்கும் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

ஆர்லினுக்கு நல்ல மனசு, அதை மறுக்க மாட்டேன். கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வெண்டல், இங்க பாரு. நம்ம ரெஜினாவைத் தேடிட்டேன். ரெஜினா மே பிரோஹாஸ்கா. கிரிமினல்ல இல்ல, போக்குவரத்துல இல்ல, நாய்க்கு லைசென்ஸ் எடுக்காத கேஸ்கூட இல்ல. பால் மாதிரி சுத்தம்! கண்ணை மூடிட்டு பஸ் சாவியைக் குடு."

எல்லோரும் கை தட்டினோம். ரெஜினா மட்டும் தட்டவில்லை. சும்மா இருந்திருக்கலாம், யார் கேட்டார்கள்? முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஆர்லின், நீ தேடினது தப்பான கவுண்டி. என் கேஸ் மார்லோல இருக்கு. பெரியவ பொறக்கிறதுக்கு முன்னாடி. மனுவுலயே எழுதிட்டேன், வெண்டலுக்குத் தெரியும். அன்னைக்குப் பாலத்துக்கிட்ட என்னை நிறுத்தினாங்களே, நிறுத்தாம விட்டிருந்தா யாரை இடிச்சிருப்பேனோ. அதுக்கப்புறம் ஒரு சொட்டு தொட்டதில்ல. இதையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

சொல்லி முடித்தும் அவள் உட்காரவில்லை.

"மார்லோவா?" என்றார் ஆர்லின். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெட்டியைத் தொட்டு மார்லோவுக்கு மாற்றினார். திரையில் ரெஜினா வந்தாள். உண்மைதான்.

அப்போது, அந்தப் பெண் தனியாக நிற்பது பொறுக்காமலோ என்னவோ, மூலை மேஜையிலிருந்து எங்கள் பாஸ்டர் லோவெல் எழுந்தார். "ஆர்லின், அப்படியே என் பேரையும் போடு. நடுப்பேர் இமானுவேல்."

"பாஸ்டர், நீங்களுமா!"

"பாஸ்டர் ஆகறதுக்கு முன்னாடிப்பா. ரொம்ப முன்னாடி இல்ல."

சிரிப்பு வெடித்தது. அதன்பிறகு யாரைப் பிடித்து நிறுத்துவது? "எனக்கு யூஜின்!" என்றார் பிராந்தி ஊற்றுகிறவர். "லூயிஸ், ரெண்டு தடவை வரும் பாரு," என்றது ஒரு குரல். "யோவ், அந்த ரெண்டாவது உன்னோடது இல்லய்யா, அதே பேருள்ள உன் அப்பாவோடது," என்றது இன்னொன்று. வெண்டல் ஷுல்ட் தட்டைப் பார்த்தபடி, "கிளாரன்ஸ்," என்று முனகினார். ஆர்லின் தட்டிக்கொண்டே போனார். தங்கமான ஊர் அவர் கண் முன்னாலேயே ஒவ்வொரு எழுத்தாகப் பித்தளையாகிக்கொண்டிருந்தது.

ஒருவர் மட்டும் பேசவில்லை. ஆர்டிஸ் குனிந்து மீனைத் தின்றுகொண்டிருந்தாள். வசந்தத்தில் சீட்டுக்கட்டு ஆடப் போய்த் திரும்பியதிலிருந்து அவளுக்குக் கண் சரியில்லை, டாக்டர் வண்டி ஓட்டக் கூடாது என்றுவிட்டார் என்று அவள் சொன்னதால், ஆர்லின்தான் அவளை எங்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். சீட்டுக்கட்டு ஆட்டம் நடப்பது மார்லோவில். கண் சரியில்லாத அந்த அம்மாள் மீனிலிருந்து மயிரிழை முள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆர்லின் அந்த முள்களைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவர் விரல் தானாகக் கைபேசியில் குவாம் என்று தட்டியது, ஆர்டிஸ் என்று தட்டியது. நாற்பது வருஷமாகத் தெரிந்த நடுப்பெயரை யாரிடமும் கேட்காமல் தட்டியது. அப்புறம் அந்தரத்தில் நின்றது.

ஆர்டிஸ் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஏன் நிறுத்திட்ட? ஊர்ல அத்தனை பேருக்கும் நடுங்காத விரலாச்சே."

"ஆர்டிஸ்..."

"அழுத்து ஆர்லின். இல்ல, வெச்சிட்டு மீனைத் தின்னு. ஆறிப்போகுது."

அழுத்தினாரா? அந்தப் பெயர் வந்ததா? வந்திருந்தால் எந்த மாதம், எத்தனை கிளாஸ், எவ்வளவு அபராதம்? கேட்கிறீர்கள் அல்லவா? உங்கள் முகம் எனக்குத் தெரிகிறது. இந்தக் கவுண்டி எங்கே இருக்கிறது, அந்தப் பக்கத்தை எப்படித் திறப்பது என்றுகூட உங்களில் இரண்டொருவர் யோசித்திருப்பீர்கள். சொல்ல மாட்டேன். எதிரே உட்கார்ந்து பார்த்தவன் நான், ஆனாலும் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சும்மா இருந்திருந்தால் ஊர் வாயிலிருந்து தப்பித்திருக்கக்கூடிய ஒருத்தி, இரண்டு பெண்களின் சோற்றை நினைத்துக்கொண்டே, ஊர் முன்னால் எழுந்து நின்று உண்மையைச் சொன்னாளே, அவளுக்கு அந்த பஸ் கிடைத்ததா? கிடைத்தது, ஐயா. செவ்வாய்க்கிழமையே கொடுத்துவிட்டார்கள். நீங்கள்தான் இன்னும் கேட்கவில்லை.